எங்கள் விறாந்தையைப் பற்றி நீங்கள் எழுதிய வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களின் இன்றைய நிலை பற்றிக் கடந்த ஞாயிறு வெளியீட்டில் வந்த கட்டுரையை எங்கள் சனசமூக நிலையத்து விறாந்தையில் இருந்துதான் வாசித்தேன். பக்கத்தில் இருந்தவருக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதம்தான். நான் வாசிப்பேன், அவர் கேட்பார். 'சனசமூக நிலையங்கள் இன்று வேலைவெட்டி இல்லாத கிழவர்கள் கடதாசி விளையாடும் மடங்களாகிவிட்டன' என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். "ஏன் நிப்பாட்டிப் போட்டீர்?" என்று கேட்டார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேறு கதை கதைத்தேன்.

கடதாசி விளையாடுகிறோம் என்பது உண்மை. பின்னேரத்தில் 304 விளையாடுகிறோம், காசு வைப்பதில்லை. ஆனால் அந்த 304 என்னை எங்கிருந்து எடுத்து வந்தது என்பது கட்டுரையாளருக்குத் தெரியாது. தெரிந்தால் எழுதியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

எனக்கு 71 வயது. சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகி, அந்தியேட்டி முடிந்து, பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவுக்குத் திரும்பிய பிறகு நான் கேற்றைத் திறக்கவில்லை. காலையும் பாண், இரவும் பாண். சொந்தக்காரர்கள் வந்து 'மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் எப்படித் தேற்றுவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் பின்னேரம் நிலையத்து ஆட்கள் இரண்டு பேர் சைக்கிளில் வந்து கேற்றடியில் காலூன்றி நின்று, "ஒரு கை குறையுது அண்ணை, வாங்கோ" என்றார்கள். துக்கம் விசாரிக்கவே இல்லை. சேட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு விளையாட்டில் நானே கவிழ்த்து வைத்த துரும்புத் தாள் எதுவென்று எனக்கே மறந்துபோனது. என்னோடு சேர்ந்து விளையாடியவர், ஒரு தாள் பிழையாகப் போட்டால் ஊரைக் கூட்டுகிறவர். தாளை வாங்கிக் குலைத்துவிட்டு, "திரும்பப் போடுவம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஒருநாள், எனக்கு ஐந்து வருடம் முந்தி மனைவியை இழந்தவர் ஒருவர், சோறு காய்ச்சத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார். வேலைசெய்த காலமெல்லாம் ஊருக்கு அரிசி நிறுத்துக் கொடுத்தவன் நான். தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவராகவே என் குசினிக்கு வந்து, அரிசியைக் களைந்து பானையில் போட்டு, சுட்டுவிரலை உள்ளே விட்டு, அரிசிக்கு மேலே முதல் ரேகை மட்டும் தண்ணீர் விட்டால் போதும் என்று காட்டினார். அந்த விரல் அளவில்தான் நான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன். இதையும் 'மடம்' என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டீர்களே என்பதுதான் என் கவலை.

ஆசிரியரே, நீங்கள் இந்த மண்ணில் பத்திரிகை நடத்துகிறவர். சனசமூக நிலையம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் பற்றரியும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முறைவைத்துப் பெடல் சுற்றி, டைனமோவில் ரேடியோவைப் பாட வைத்து பி.பி.சி. தமிழோசை கேட்ட இடம் அது. பத்திரிகைகள் கொப்பித்தாளில் அச்சான காலத்தில் ஒரு பிரதியை இருபது பேர் வாசித்தோம். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் ஊரை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, நடக்க முடியாதவர்களைத் தள்ளுவண்டிலில் ஏற்றிக் கொண்டுபோனவர்கள் இந்த நிலையத்துப் பெடியன்கள்தான். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் ஓடும் இல்லை, யன்னலும் இல்லை. வீட்டைத் திருத்த முதல் இதைத்தான் துப்புரவாக்கினோம். நீங்கள் சொல்லும் வேலைவெட்டி இல்லாத கிழவர்கள் அந்தப் பெடியன்கள்தான்.

குறை இல்லையென்று சொல்ல வரவில்லை. யார் உள்ளே கதிரையில் இருக்கலாம், யார் வாசலில் நிற்க வேண்டும் என்று பார்த்த காலம் எங்கள் ஊரிலும் இருந்தது. அதை நினைக்க எனக்கு இன்றைக்கும் வெட்கம். அதை எழுதியிருந்தால் தலை குனிந்து வாசித்திருப்பேன்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. அவுஸ்திரேலியாவில் வயதான ஆண்கள் கூடி மரவேலை செய்யும் கொட்டில்கள் பற்றிப் போன வருடம் அரைப்பக்கம் எழுதினீர்கள். தொண்ணூறுகளில் தொடங்கி இப்போது ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, அரசாங்கமே உதவுகிறது, ஆண்கள் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துக் கதைக்க மாட்டார்கள், பக்கத்தில் நின்று வேலை செய்யும்போதுதான் வாய் திறப்பார்கள் என்றெல்லாம் நன்றாக இருந்தது. வாசித்து எல்லோரும் சந்தோஷப்பட்டோம். எங்களிடம் வாள், சீவுளி இல்லை. ஒரு கட்டுத் தாளும் இரண்டு வாங்கும் இருக்கின்றன. அவர்கள் செய்தால் மனநலம், நாங்கள் செய்தால் வெட்டிப்பொழுதா?

ஊரில் ஓர் ஆண் தன் உயிரை மாய்த்துக்கொண்டால் படத்தோடும் ஊர்ப்பெயரோடும் போடுகிறீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று எத்தனை தரம் எழுதினேன், ஒரு கடிதமும் பேப்பரில் வரவில்லை. 1995 அளவில் இலங்கையில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் இப்படிப் போனார்கள். கடும் நஞ்சான பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு நன்றாகக் குறைந்தது. இன்றைக்கும் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். அவர்களில் எத்தனை பேரை ஆராவது வந்து "ஒரு கை குறையுது" என்று கூப்பிட்டிருப்பார்கள்?

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல வராவிட்டால் யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்கப் போவோம். போன மாரியில் அப்படிப் போனவர்தான், கிணற்றுக்கட்டடியில் வழுக்கி விழுந்து எழும்ப முடியாமல் கிடந்த எங்கள் பொருளாளரைக் கண்டு ஓட்டோவில் ஏற்றினார். இடுப்பெலும்பு முறிவு. இப்போது தடியூன்றி வருகிறார். கிளினிக் திகதி யாருக்கு எப்போது என்று சுவரில் உள்ள கலண்டரில் எழுதி வைத்திருக்கிறோம். செத்தவீட்டுக்குக் கதிரை, தகரப் பந்தல், கிடாரம் எல்லாம் எங்களிடமிருந்துதான் போகின்றன. கட்டுரையாளர் றோட்டில் நிற்காமல் ஐந்து நிமிடம் உள்ளே வந்திருந்தால் பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொடுத்துக் காட்டியிருப்போம். இப்போதும் வரலாம்.

நான் கேட்பது இரண்டே விஷயம். அந்த வரி பற்றி ஒரு சிறு திருத்தம் போடுங்கள். மற்றது, உங்கள் பத்திரிகை முன்பு காலை ஆறரைக்கு விறாந்தையில் கிடக்கும். ஆறு மாதமாகச் சந்திக் கடையில் போட்டுவிட்டுப் போகிறார்கள், எங்களுக்கு வந்துசேரப் பத்து மணியாகிறது. காலையில் அந்தப் பேப்பருக்காகவே எழும்பிக் குளித்து வருகிற நாலைந்து பேர் இருக்கிறார்கள், வெறும் வாங்கைக் கண்டதும் திரும்பிப் போய்விடுகிறார்கள். விநியோகப் பகுதிக்கு ஒரு வார்த்தை சொல்லி ஏழு மணிக்கு முதல் கிடைக்கச் செய்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சனசமூக நிலைய உறுப்பினர் ஒருவர்,
வலிகாமம்.