மலையைப் பார்த்து அடித்தேன் அப்பா

தாப்பா, பேராக், மலேசியா

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலியைத் தம்பி என்னிடம் மறைக்கிறான், அவனை உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். பணம் போன வாரமே அனுப்பிவிட்டேன். போனில் பேசினால் இரண்டே நிமிஷத்தில் "சரிப்பா, வச்சிடு, காசு ஆகும்" என்பீர்கள். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோல்ஃப் ஆடினேன் அப்பா. 18 குழியும்.

எங்கள் செம்பனை ஆலை ஃபோர்மன் அண்ணனைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன், இங்கே பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர், அவருடைய தாத்தா பால் மரம் வெட்ட நம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவராம். அவருக்கு இந்த விளையாட்டில் அவ்வளவு ஆசை. நீங்கள் கொடைக்கானலில் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குப் பை சுமந்ததைச் சொன்னேன், உடனே கேமரன் மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று நாளே குறித்துவிட்டார்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வழி முழுக்க வளைவுதான். கீழே எங்கள் ஊரில் எந்நேரமும் புழுக்கம், எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை, ரிங்லெட் தாண்டிக் கண்ணாடியை இறக்கினதும் முகத்தில் அடித்த குளிர்காற்றில் எனக்குப் பேச்சே வரவில்லை, நம் ஊர்க் காற்றேதான். அப்புறம் தேயிலைச் சரிவுகள். 1929-இலிருந்து அங்கே 'போ' (BOH) என்கிற கம்பெனி தேயிலை போடுகிறது. அம்மாவுக்கு இரண்டு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன்.

மைதானத்தைச் சுற்றிலும் காடு, மேலே மேகம். வாடகைக்கு எடுத்த பையை நானே தோளில் போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை இறங்கிப்போனது. நீங்கள் இரண்டு தோளிலும் இரண்டு பை போட்டுக்கொண்டு மேட்டில் ஏறுவீர்களே, அது எப்படி அப்பா முடிந்தது?

அண்ணன் நன்றாக அடிக்கிறவர், ஆனால் அவர் பழகினதெல்லாம் சமவெளியில். முதலிரண்டு குழியிலும் அவர் பந்து, குழி இருக்கிற புல்தரையான கிரீனைத் தாண்டிப் புதருக்குள் போய்விட்டது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று லேசு, பந்து கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும். "ஏழாம் நம்பர் கட்டை எடுக்கிற இடத்தில் தூரம் குறைவாப் போற எட்டு எடுங்க, மேட்டைப் பார்த்து அடிக்கும்போது மட்டும் பெரிய கட்டை" என்று நீங்கள் சொல்வதை அப்படியே அவருக்குச் சொன்னேன். பந்து காலைவிட உயரத்தில் கிடந்தால் கட்டையைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்து, இடப்பக்கம் இழுக்கும் என்று வலப்பக்கம் குறி வைக்க வேண்டும் என்பதும் சரியான நேரத்தில் ஞாபகம் வந்தது. சொல்வது ஒன்று, கை செய்வது ஒன்று, நாலு பந்தைக் காட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

பதினோராவது குழியைத்தான் சொல்ல வேண்டும். பந்து கிரீனில் கிடந்தது, குழிக்கு ஏழெட்டு அடி தூரம். கண்ணுக்குத் தரை இடப்பக்கம் சாய்வது போலத்தான் தெரிந்தது, அண்ணனும் அதையே சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன், மலை இருந்தது இடப்பக்கம். "தரையைப் பார்க்காதே, மலை எங்கே நிக்குதுன்னு பாரு, மழைத்தண்ணி எங்கே ஓடுமோ பந்தும் அங்கேதான் ஓடும்" என்று எனக்குப் பத்து வயசில் சொன்னீர்களே. மலையைப் பார்த்தே அடித்தேன். பந்து நேராகப் போய், நின்றுவிடுமோ என்று நினைக்கும்போது வலப்பக்கம் மெல்லத் திரும்பி உள்ளே விழுந்தது. அண்ணன் கையைத் தட்டிக்கொண்டு "யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். எங்கப்பா என்று சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

18 குழிக்கும் சேர்த்து மொத்தம் 104 தடவை அடித்திருக்கிறேன். கடைசி மூன்று குழியும் மழையில்தான் ஆடினோம். கணக்கு எழுதின அட்டையை இதோடு வைத்திருக்கிறேன், நனைந்து மை கலைந்திருக்கிறது, பதினோராவது குழிக்கு நேரே வட்டம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

பரண்மேல் இருக்கிற அந்தப் பழைய பட்டரை, பந்தைக் குழிக்குள் உருட்டுகிற கட்டையை, தம்பியை விட்டு எடுத்துத் துடைத்து எண்ணெய் தடவி வைக்கச் சொல்லுங்கள். தைக்கு லீவு கேட்டிருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்பு மகன்