சிமுலேட்டரைக் காட்டினால் போதாது, பழக விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் வள்ளியூர், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கமிருந்து யாராவது வந்து பையனை மரைன் இன்ஜினியரிங்கில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள், கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் "அங்க இன்ஜின் ரூம் சிமுலேட்டரே இருக்கு சார்" என்கிறார்கள். கப்பலின் இன்ஜின் அறையைக் கம்ப்யூட்டரில் அப்படியே காட்டும் பயிற்சிக் கருவி அது. நல்லதுதான். ஆனால் அதில் உங்கள் பையன் கை வைப்பானா என்று கேட்டீர்களா?

நான் பார்த்த ஒரு கல்லூரியில் வகுப்பு மொத்தமும் பின்னால் நிற்க, ஆசிரியரே ஜெனரேட்டரை ஓட்டி, வால்வுகளைத் திறந்து, மெயின் இன்ஜினையும் ஸ்டார்ட் செய்து காட்டி முடித்துவிட்டார். வயிறு எரிந்தது.

கடலில் கரண்ட் போனால் எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 நொடிக்குள் மின்சாரம் தர வேண்டும் என்பது சோலாஸ் என்ற உலகக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. அந்த ஜெனரேட்டரை வைத்துக் கப்பலை ஓட்ட முடியாது; ஸ்டாண்ட்பை ஜெனரேட்டரை லைனில் சேர்த்து, லூப் ஆயில் (மசகு எண்ணெய்) பம்பு, கூலிங் வாட்டர் பம்பு என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டு, அப்புறம்தான் மெயின் இன்ஜின். 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் டாலி கப்பல் பாலத்தில் மோதி 6 தொழிலாளர்கள் இறந்தார்களே, முதலில் கரண்ட் போனதற்கும் மோதியதற்கும் நடுவில் சுமார் 4 நிமிடம்தான். கப்பலில் இருந்தவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த 4 நிமிடத்தில் ஒரு இன்ஜினியருக்கு யோசிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்றுதான் கேட்கிறேன்.

ஆயில் மிஸ்ட் அலாரமும், அதாவது இன்ஜினுக்குள் எண்ணெய்ப் புகை சேர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கையும், அப்படித்தான். என்ன ஆச்சு என்று பார்க்கிற அவசரத்தில் சூடு ஆறுமுன் இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் கதவைத் திறந்தால் காற்று உள்ளே போய் வெடிக்கலாம், ஆள் பிழைப்பது கஷ்டம். இதை ஓடுகிற கப்பலில் பழக முடியுமா? சிமுலேட்டரில் பத்துத் தடவை தப்பு செய்யலாம், ஒருவருக்கும் காயம் இல்லை.

தப்பு செய்தபின் உட்கார்ந்து பேச வேண்டும், அதுதான் முக்கியம். எந்த அலாரம் எந்த நொடியில் வந்தது, பையன் எதை முதலில் தொட்டான் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். பயிற்சிக்கு முன் விளக்கமும் பின் அலசலும் வேண்டும் என்று கப்பல் பணியாளர் பயிற்சிக்கான உலக ஒப்பந்தமான எஸ்டிசிடபிள்யூவின் விதியிலேயே இருக்கிறது. சூடு, சத்தம், எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபயரைப் பிரித்து மாட்டும் கைவேலை, இதெல்லாம் ஒர்க்‌ஷாப்பிலும் கப்பலிலும்தான் வரும், சரி.

நிலத்தை விற்று ஃபீஸ் கட்டுகிற பெற்றோரே, பணம் கட்டுமுன் கேளுங்கள்: ஒரு தடவைக்கு எத்தனை பேர் சிமுலேட்டரில் உட்காருவார்கள், ஒவ்வொருவருக்கும் எத்தனை மணி நேரம், சொல்லிக்கொடுப்பவர் கப்பலில் வேலை பார்த்தவரா?

இப்படிக்கு,
கப்பலில் இன்ஜினியராக இருந்த வாசகர்,
பாளையங்கோட்டை