இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. விளையாட்டு விழாவில் பிள்ளைகள் உற்சாகமாகப் பங்கேற்றார்கள். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. பேச்சுப் போட்டியிலும் வினாடி வினாவிலும் பரிசுகள் வந்தன. உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டை வெள்ளிக்கிழமை கைக்கு வரும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது: காய்ச்சலை மறைத்துப் பள்ளிக்கு அனுப்பப்படும் பிள்ளைகள். உள்ளதைச் சொன்னால், இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சென்ற மாதம் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இரண்டாவது பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்துவிட்டான். நெற்றியில் கை வைத்த ஆசிரியை அவனை நேரே என் அறைக்கு அழைத்து வந்தார். 103 டிகிரி. அவனுடைய பென்சில் டப்பாவில், கோடு போட்ட தாளில் மடித்த ஒரு பாராசிட்டமால் மாத்திரை. தாளில் "11 மணிக்குப் போட்டுக்கொள், டீச்சரிடம் சொல்லாதே" என்று எழுதியிருந்தது. காலையில் கொடுத்த மாத்திரையின் வேகம் அடங்கும் நேரம் வரை கணக்குப் போட்டிருந்தார்கள்.

வேலைக்குப் போகும் வீடுகளின் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. திடீரென்று விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்காத அலுவலகம் குறைவு, தேர்வும் நெருங்கியிருந்தது. அந்த ஒரு வீட்டைக் குறை சொல்ல வேண்டுமானால் தனியே கூப்பிட்டுப் பேசியிருப்பேன். ஒரு வீடு மட்டும் அல்ல என்பதால்தான் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல், டெங்குவாக இருக்கலாம், வந்து கூட்டிச் செல்லுங்கள் என்று தொலைபேசியில் அழைத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வருகின்றன. முதல் பதில்: "டெங்கு ஒட்டுவாரொட்டி இல்லையே சார்." சரிதான், பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. பள்ளி நேரமும் அதற்கு வேலை நேரம்தான். காய்ச்சல் தொடங்க ஓரிரு நாள் முன்பிருந்தே, காய்ச்சல் அடிக்கும் நாள்கள் முழுக்க, பிள்ளையின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அந்த ரத்தத்தைக் குடித்த கொசு சுமார் 8 முதல் 12 நாளில் நோயைக் கொடுக்கத் தயாராகிவிடும். அதன்பின் சாகும்வரை கொடுக்கும். ஆக, உங்கள் பிள்ளையின் காய்ச்சல் பக்கத்து மேசைக்கு இரண்டு வாரம் கழித்துப் போய்ச் சேரலாம். வீட்டில் படுக்க வைக்கும்போதும் பகலில் கொசுவலை போடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது பதில்: "டெஸ்ட் எடுத்துவிட்டோம், நெகட்டிவ்." எந்த டெஸ்ட், காய்ச்சலின் எத்தனையாவது நாள்? என்.எஸ்.1 பரிசோதனை வைரஸின் புரதத்தைத் தேடுவது. முதல் ஐந்து நாள்களுக்குள் எடுத்தால்தான் பெரும்பாலும் பிடிபடும். ஐ.ஜி.எம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. அது தென்படவே நாலைந்து நாள் ஆகும். இரண்டாம் நாள் எடுத்த ஐ.ஜி.எம் நெகட்டிவ் என்றால், டெங்கு இல்லை என்று அர்த்தமல்ல. இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். எந்த டெஸ்ட் எப்போது என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும், நாமாகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்க் கேட்டு வாங்க வேண்டாம்.

இதையும் விட என்னைக் கவலைப்பட வைப்பது, காய்ச்சல் விட்டதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரம். டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போதுதான், பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியும். தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நீர் கசிந்து ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்பதையும் மருத்துவர் கூடவே பார்ப்பார். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். வைரஸைக் கொல்ல இதற்கென்று தனி மருந்து கிடையாது. நீர்ச்சத்தும் கண்காணிப்பும்தான் வைத்தியம். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் கொடுக்கக் கூடாது.

ஆகவே கண்டிப்பாகவே சொல்கிறேன். மாத்திரையால் காய்ச்சலை மறைத்துப் பிள்ளையை இனி அனுப்பாதீர்கள். அழைப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் யாராவது வந்து கூட்டிச் செல்ல வேண்டும். மாத்திரை இல்லாமலே 48 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தபின், மருத்துவரின் சீட்டோடு வாருங்கள். தவறவிட்ட தேர்வை நாங்கள் மறுபடி வைத்துக்கொள்வோம், வருகைப்பதிவிலும் கை வைக்க மாட்டோம். பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கும் அந்தச் சீட்டுகள் மட்டும் வேண்டாம்.

நடுவில் காகம், குதிரை என்று ஒரு கலவரம். மைதானத்தில் செத்துக் கிடந்த காகத்தை நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வெறுங்கையால் எடுத்து, பூ வைத்து அடக்கம் செய்துவிட்டார்கள். நல்ல மனசுதான், ஆனாலும் கூடாது. காகத்தைக் கொல்லக்கூடிய வெஸ்ட் நைல் வைரஸ் பறவைகளில் பெருகி, அங்கிருந்து கியூலெக்ஸ் கொசு வழியாக மனிதருக்கும் குதிரைக்கும் வருவது. 1999இல் நியூயார்க்கில் காகங்கள் கொத்தாக மடிந்தன. அதே சமயம் மனிதருக்கு வந்த மூளைக்காய்ச்சலுக்கு முதலில் வேறொரு வைரஸின் பெயரைச் சூட்டினார்கள். உறவுக்கார வைரஸ்களின் எதிர்ப்புப் பொருள்கள் டெஸ்டில் ஒன்றுபோல் தெரிவதுண்டு. பறவைகளைச் சோதித்த கால்நடை நோயியல் மருத்துவர் ஒருவர்தான் கணக்கு உதைக்கிறது என்று விடாமல் சொன்னார். கடைசியில் அது வெஸ்ட் நைல் என்று தெரிந்தது. செத்த பறவையைக் கண்டால் தொடாமல் எங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். கால்நடைத் துறைக்கு நாங்கள் தெரிவிப்போம்.

குதிரையேற்றப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய செய்திக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வைரஸுக்குக் குதிரையும் நம்மைப் போல முட்டுச்சந்துதான். கொசுவுக்குத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு அதன் ரத்தத்தில் வைரஸ் ஏறுவதில்லை. குதிரைக்குத் தடுப்பூசி உண்டு, நமக்குத்தான் இன்னும் இல்லை. பயிற்சி தொடரும்.

எங்கள் பக்கத் தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். மாடிப்படி ஓரப் பூந்தொட்டிகளின் அடித்தட்டில் கொசுப்புழு நெளிவதைப் படம் எடுத்து அனுப்பியவர் உங்களில் ஒருவரே. முதலில் கொஞ்சம் கோபம் வந்தது, அடுத்த நாள் போய்ப் பார்த்தேன், அவர் சொன்னது உண்மை. தட்டுகளை எடுத்துவிட்டோம். அவருக்கும், காய்ச்சல் என்றதும் மறுபேச்சின்றி வந்து கூட்டிச் சென்ற ஒவ்வொருவருக்கும், நள்ளிரவில் என் அழைப்பை எடுத்துப் பேசிய மருத்துவப் பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த ஆறாம் வகுப்புப் பையன் தேறி வந்துவிட்டான். அவன் அம்மா அனுமதித்ததால்தான் அந்தச் சீட்டைப் பற்றி எழுதினேன்.

வகுப்பறை ஜன்னலில் இருக்கும் மணிபிளான்ட் புட்டிகளை விடுமுறைக்கு வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறோம். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்