உப்சாலாவுக்குக் கிளம்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உப்சாலா பல்கலைக்கழகத்தில் உனக்கு இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "உலகத்திலேயே நியாயமான நாடு, அண்ணா" என்று எழுதியிருந்தாய். ஸ்வீடன் தன் மக்களுக்குச் செய்ததை நானும் மதிக்கிறேன். ஆனாலும் நீ போகும் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1928இல் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பேர் ஆல்பின் ஹான்சன் நாட்டை 'மக்களின் வீடு' ஆக்கப்போவதாகப் பேசினார். நல்ல வீட்டில் செல்லப்பிள்ளையும் இல்லை, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இல்லை என்றார். அழகான பேச்சுதான். ஆனால் அப்போதே உப்சாலாவில், மனிதர்களை இனவாரியாக உயர்வு தாழ்வு என்று பிரிக்கப் பார்த்த அரசின் இன உயிரியல் நிறுவனம் ஆறு வருடமாக நடந்துகொண்டிருந்தது. அந்த நிறுவனம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்ததில் வலதுசாரிகளோடு ஹான்சனின் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். நிறுவனத்தின் தலைவர் ஹெர்மன் லுண்ட்போர்க் வடக்கே போய், அங்கே வாழும் 'சாமி' என்ற பழங்குடி மக்களின் தலைகளை அளந்தார். ஆடையில்லாமல் நிற்கவைத்துப் படமெடுத்தார். அவர்களில் பனிமான் மேய்ப்போரின் பிள்ளைகளுக்கோ 1913 முதலே தனிப் பள்ளி. வசதியான வீட்டுக்குப் பழகிவிட்டால் மேய்ச்சலை விட்டுவிடுவார்கள் என்று கூடாரம் போன்ற குடிசைகளில் தங்கவைத்தார்கள். பாடமும் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவு.

அப்புறம் யூதர்கள். 1938இல் ஹான்சன்தான் பிரதமர். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிவரும் யூத அகதிகளைத் தனியாக அடையாளம் காண வழி வேண்டும் என்று சுவிட்சர்லாந்தோடு ஸ்வீடனும் ஜெர்மனியை நெருக்கியது. அந்த அக்டோபரில் ஜெர்மன் யூதர்களின் கடவுச்சீட்டில், யூதர் என்று காட்டும் சிவப்பு 'ஜே' எழுத்து முத்திரை விழுந்தது. அந்த முத்திரையோடு எல்லைக்கு வந்தவர்களில் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1939 பிப்ரவரியில் உப்சாலா மாணவர்கள் கூடி, பத்து யூத மருத்துவர்களை நாட்டுக்குள் விடுவதை எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். ஆதரவு 548 வாக்கு, எதிர்ப்பு 349. வேலை போய்விடும் என்ற பயம் படித்த பிள்ளைகளுக்கே இருந்தது. எதிர்த்து வாக்களித்த அந்த 349 பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

1943இல் டென்மார்க்கிலிருந்து தப்பிவந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை இதே ஸ்வீடன் காப்பாற்றியது. அதையும் சொல்லாவிட்டால் தவறு. ஆனால் சிலர் பிள்ளை பெறவே கூடாது என்று அறுவை செய்ய வழிவிட்ட, 1934இல் தொடங்கிய கருத்தடைச் சட்டங்கள் எழுபதுகளின் நடுப்பகுதிவரை நீடித்தன. சுமார் 63,000 பேருக்கு அறுவை நடந்தது. அவர்களில் பலர் மனமுவந்து சம்மதித்தவர்கள் அல்லர், பெரும்பாலானோர் பெண்கள். வீட்டுக்குள் யாருக்கு இடம் என்று முடிவுசெய்யும் அதிகாரம் வீட்டைக் கட்டியவர்கள் கையிலேயே இருந்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

லுண்ட்போர்க் எடுத்த படங்கள் உன் பல்கலைக்கழக நூலகத்தில்தான் இருக்கின்றன. அங்கே போனால் அவற்றைப் பற்றி விசாரி. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்