புதுச் சிறுநீரகம் வேலை தொடங்கும்வரை கூட நின்றவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துச் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணனுக்கு மாற்றி வைத்த சிறுநீரகம் உடனே வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் தேவைப்பட்டது. இப்போது டயாலிசிஸ் இல்லாமலேயே கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, ரத்தத்தில் உள்ள கழிவு) இறங்கத் தொடங்கிவிட்டது. இதற்காகத்தான் காத்திருந்தோம். சிறுநீர் கூடியதை மட்டும் நம்ப முடியாது. பழைய சிறுநீரகங்களும் உள்ளேதான் இருக்கின்றன, அவையும் கொஞ்சம் தரலாம்.

முதல் நன்றி நைட் டியூட்டி நர்ஸ் சேச்சிக்கு. முந்தின நாள் போன சிறுநீரோடு 500 மில்லி சேர்த்து, அவ்வளவுதான் குடிக்கலாம் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. 300 போனால் 800. ஆனால் 800 என்பது எவ்வளவு என்று வீட்டாருக்கு எப்படித் தெரியும்? சேச்சி எங்கள் எவர்சில்வர் டம்ளரை வாங்கி, 50 மில்லி சிரிஞ்சால் இரண்டு முறை தண்ணீர் விட்டு, நின்ற மட்டத்தில் வெளியே பிளாஸ்திரி ஒட்டினார். அதுவரை ஊற்றினால் 100. எட்டு டம்ளர்தான் ஒரு நாளைக்கு. கஞ்சித் தண்ணீர், ரசம், மோர், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள். காலையில் ஒரே தராசில் எடை. திடீரென்று ஒரு கிலோ கூடினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் தேங்கியிருக்கிறது. இது சின்ன உதவி இல்லை. தேங்கினால் மூச்சு முட்டும். அதை டயாலிசிஸில் ஒரேயடியாக எடுத்தால் பிரஷர் விழும், புதுச் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும். மாற்றி வைக்கும்வரை ஐஸில் இருந்த நேரத்திலும் மறுபடி ரத்தம் பாய்ந்தபோதும் அடிபட்ட அதன் நுண்குழல் செல்கள் ஆறிவரும் நேரத்தில் இன்னொரு அடி வாங்கும். ஆறுவதற்கே நாள் கணக்கு, சில பேருக்கு வாரக் கணக்கு.

பிரஷரைப் பார்த்துப் பார்த்து மெஷினை ஓட்டிய டெக்னீஷியன்களுக்கும், சிறுநீர் டியூபில் அடைப்பில்லை, டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் சரி, சிறு துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் உடம்பு புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்ன டாக்டர்களுக்கும், இளநீர்க் குலையோடு வந்து, பொட்டாசியம் ஏறும் என்றதும் மனம் கோணாமல் திருப்பிக் கொண்டுபோன உறவுகளுக்கும் நன்றி.

தங்களவரை இழந்த துக்கத்திலும் சிறுநீரகத்தைத் தானம் தரச் சம்மதம் சொன்ன, பெயர் தெரியாத குடும்பத்துக்கு எந்த வார்த்தையும் போதாது. நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட மாட்டோம். ரத்தத்தில் அந்த மருந்தின் லெவல் பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கவே மாட்டோம். அவர்களுக்கு நாங்கள் தரும் வாக்கு இது.

இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் தயங்காமல் வீட்டுக்கு வாருங்கள், குடித்த தண்ணீர், சிறுநீர், எடை சார்ட் எழுதும் முறையைச் சொல்லித் தருகிறோம்.