நூலகத்தின் வாசற்படி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. நூலகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும், புத்தக அடுக்கு கலைந்திருக்கக் கண்டால் கை தானாக அதைச் சரிசெய்யப் போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த சில நாள்களில் இங்கே, அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில், ஒரு கலைக் கண்காட்சிக்குப் போய்வந்தேன். எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் கொடையில் எழுந்த பொது நூலகங்களைப் பற்றிய கண்காட்சி அது என்பதால், தங்களுக்கு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

ஸ்காட்லாந்தில் ஒரு கைத்தறி நெசவாளரின் மகனாகப் பிறந்த கார்னகி, இங்கே வேலைக்குச் சென்ற சிறுவனாக இருந்தபோது, ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் சனிக்கிழமைதோறும் உழைக்கும் சிறுவர்களுக்குத் திறந்துவைத்த சொந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர். அந்த நன்றியில்தான் பின்னாளில் உலகெங்கும் 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். ஆனால் அந்தப் பணம் அவருடைய எஃகு ஆலைகளிலிருந்து வந்தது. 1892இல் அவற்றுள் ஒன்றான ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக்குறைப்பை எதிர்த்த தொழிலாளர்களுக்கும், நிர்வாகம் வரவழைத்த ஆயுதக் காவலர்களுக்கும் நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அந்த ஆலைக்கு அருகிலேயே 1898இல் நீச்சல் குளமும் இசையரங்கும் கொண்ட நூலகம் திறக்கப்பட்டது. இவ்விரு ஆண்டுகளின் படங்களை எதிரெதிர்ச் சுவர்களில் மாட்டியிருந்தார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலையருகே நின்றவன் எந்த வேளையில் படிக்க வந்திருப்பான் என்ற கேள்வி என்னை அவ்விடத்தை விட்டு நகரவிடவில்லை.

ஆயினும் அந்தக் கொடையை வெறுக்க என்னால் இயலவில்லை. பத்தாயிரம் டாலர் பெறும் ஊர், நிலத்தையும் தந்து, ஆண்டுதோறும் ஆயிரம் டாலரைப் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. கட்டடத்தில் பதித்த பெயர் ஒருவருடையதாக இருந்தாலும், விளக்கெரித்ததும் புத்தகம் வாங்கியதும் ஊராரின் வரிப்பணம் அல்லவா? பராமரிப்புத் தொகைக்காகப் பல ஆண்டுகள் போராடிய தங்களுக்கு இதன் அருமை புரியும். நிறப் பாகுபாடு நிலவிய லூயிவில் நகரில் 1908இல் அவர் கொடையில் கறுப்பினத்தவருக்கென எழுந்த கிளை நூலகத்தின் பொறுப்பிலிருந்த தாமஸ் ஃபவுண்டன் புளூ, தம் இனத்தவர் பலருக்கு அங்கேயே நூலகப் பயிற்சியும் அளித்தார். அவருக்குக் கண்காட்சியில் இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்கலாம்.

நான் நெடுநேரம் பார்த்து நின்றது ஒரே ஒரு தாளைத்தான். பழைய நூலகம் ஒன்றின் கல்படிமேல் அதை விரித்து, கரித்துண்டால் தேய்த்துப் பதிவெடுத்திருக்கிறார் ஓவியர். ஓரங்களில் கல்லின் சொரசொரப்பு கறுப்புப் புள்ளிகளாகப் பதிந்திருக்கிறது. கால்கள் பட்டு வழவழப்பான இடமோ வெறும் மெல்லிய சாம்பல் பூச்சாக இருக்கிறது. அதன் புகைப்படத்தை இத்துடன் அனுப்புகிறேன். உற்றுப் பாருங்கள்: மிகுதியாகத் தேய்ந்திருப்பது படியின் நடுப்பகுதி அன்று, கைப்பிடிக் கம்பி இருந்த பக்கம்.

அன்புடன்,
தங்கள் நண்பன்