கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாப்பிள்ளை அனுப்பிய ஒத்திகை வீடியோவைப் பார்த்தோம். நீ மேல் ஸ்தாயியில் போய் நின்ற இடத்தில் எனக்குப் புல்லரித்துவிட்டது. இங்கிலாந்தின் டர்ஹாம்காரர்கள் தங்கள் ஊர்க் கதைக்கே உன்னை, ஆர்சனிக் விஷம் வைத்ததற்காகத் தூக்கில் போடப்பட்ட மேரி ஆன் காட்டனாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று தெருவில் ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது.

கெமிஸ்ட்ரி வாத்தியாராக ஒன்று சொல்ல வேண்டும். விஷம் கலக்கும் காட்சியில் வெள்ளைப் பொடியைக் கொட்டுகிறாய். இங்கிலாந்தில் 1851-லேயே சட்டம் வந்துவிட்டது. சில்லறையாக விற்கும் ஆர்சனிக்கில், வெள்ளையாகத் தெரியாதபடி, புகைக்கரியோ அவுரி நீலமோ கலக்க வேண்டும் என்று. அவள் வழக்கில் பேசப்பட்டதும் மூட்டைப்பூச்சிக்காகச் சோப்போடு கலந்த மருந்துதான். அதைவிட, டாக்டர் செய்த சோதனையை மேடையில் காட்டச் சொல். இறந்துபோன பையனின் வயிற்றில் இருந்ததை எடுத்துவைத்திருந்து, அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, செம்புத் தகட்டைப் போட்டார். ஆர்சனிக் இருந்தால் பளபளவென்றிருக்கும் தகடு கண்ணெதிரே கறுத்துப்போகும். அதற்குப் பாட்டே வேண்டாம்.

அவள் கொன்றவர்கள் இருபத்தொன்று என்று கோரஸ்காரர்கள் எண்ணிக்கொண்டே போவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கோர்ட்டில் அவளுக்குத் தண்டனை கிடைத்தது ஒரே ஒரு சாவுக்கு. 1872 ஜூலையில் டர்ஹாம் பக்கத்து வெஸ்ட் ஆக்லாந்தில் இறந்த சார்லஸ் எட்வர்ட், அவள் புருஷனின் முதல் தாரத்துப் பிள்ளை. தோண்டியெடுத்த வேறு சில உடல்களிலும் ஆர்சனிக் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மற்றவர்கள் விஷயத்தில் இருப்பது சந்தேகம் மட்டும்தான். அந்தக் காலத்துச் சுரங்க ஊர்களில் பேதியிலும் காய்ச்சலிலும் எத்தனையோ வீட்டில் குழந்தைகள் போயின. பிள்ளையைப் பறிகொடுத்தவள் எல்லாம் குற்றவாளி ஆகிவிட மாட்டாள். அந்த இருபத்தொன்றையும் நீ உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே, அம்மா.

ஜெயில் காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிரசவம் ஆகட்டும் என்று விசாரணையையே தள்ளிவைத்தார்கள். 1873 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. மார்ச் 24-இல் அவளைத் தூக்கில் போட்டார்கள். அதற்கு முன்பே குழந்தையை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. உன் கையில் கொடுத்தது வெறும் துணிச்சுருள். நீ அதை இடது முழங்கை மடிப்பில் ஏந்தி, தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாய். அந்த இடத்தில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் இதைச் செய்கிறாயா? அந்த ஒரு காட்சியை வேறு பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்க முடியாதா? முடியாதென்றால் வற்புறுத்தவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படு. வெறும் வயிற்றோடு படுக்காதே.

ஒரு மண்டபமே கேட்கப் பாடுகிறாய், அம்மாவிடம் பேச மட்டும் உனக்கு நேரமில்லை. ஐப்பசிக்குப் பிறகு நீ அவளோடு முழுசாக ஒரு பேச்சுப் பேசவில்லை. போனை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறாய். அவரும் பாவம், எத்தனை நாள்தான் வானிலை அறிக்கை சொல்வார்? உன் டாக்டர் என்ன சொன்னார் என்பதை அவர் என்னிடம் சொன்னார். நீ ஏறிய மாடிப்படியும் காரணமில்லை, நீ தூக்கிய பெட்டியும் காரணமில்லை. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். வேளைக்குச் சாப்பிடு.

மற்றபடி, கொல்லையில் முருங்கை காய்த்துத் தள்ளுகிறது. சித்தி வீட்டு வழக்கு அப்படியேதான் கிடக்கிறது.

அம்மாவுக்கு விசா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன். நாடகம் முடிகிறவரை அங்கே வந்து உன்னோடு இருப்பாள், சமையலையும் பார்த்துக்கொள்வாள். நீ வரச் சொல்லாமல் அனுப்பக் கூடாது என்கிறாள். இந்த வாரத்துக்குள் அவளுக்கே போன் செய்து "வா" என்று சொல்.

அன்புடன்,
அப்பா